ஐந்து சங்கங்களுக்கு ஒரு கணக்காளர்: பகிர்வுச் சேவை பற்றிய எளிய விளக்கம்

யாழ்ப்பாண மாவட்டத்தின் 15 பிரதேச செயலாளர் பிரிவுகளிலும் அவற்றுள் அடங்கும் 435 கிராம அலுவலர் பிரிவுகளிலும் ஒரு சங்கமாவது இல்லாத ஊரைக் காண்பது அரிது. சனசமூக நிலையம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம், முன்பள்ளி நிர்வாகக் குழு, முதியோர் இல்லம் என அவற்றின் நோக்கங்கள் வெவ்வேறானவை. ஆனால் அவற்றின் அலுவலக அறைக்குள் நடக்கவேண்டிய வேலை ஏறத்தாழ ஒன்றுதான். காசேடு எழுத வேண்டும்; மாத முடிவில் காசேட்டை வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டு வங்கி இணக்கக் கூற்றுத் தயாரிக்க வேண்டும்; ஊழியர் ஒருவர் இருந்தாலும் அவருடைய சம்பளத்தையும் சேமலாப நிதியையும் ஒழுங்காகக் கட்ட வேண்டும்; கூட்டக் குறிப்பு, வருடாந்த அறிக்கை, கணக்காய்வு, நிதி கேட்டு எழுதும் விண்ணப்பம் ஆகிய எல்லாமே ஒவ்வொரு சங்கத்துக்கும் உண்டு. இவற்றுக்கென ஒரு முழுநேர ஊழியரை வைத்திருக்கும் அளவுக்கு வேலையும் இல்லை, வருமானமும் இல்லை என்பதே சிறிய சங்கங்களின் நிலை. எனவே அந்த வேலை பொருளாளரின் வீட்டு மேசைக்குப் போய், அவர் ஓய்வாக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கிறது.

இந்த இடத்திற்றான் பகிர்வுச் சேவை என்ற ஏற்பாடு வருகிறது. தத்தம் அடையாளத்தையும் நிர்வாக சபையையும் வைத்துக்கொண்டே, பல அமைப்புகள் தமக்குப் பொதுவான அலுவலக வேலைகளையும் பயிற்சியையும் ஒரே இடத்தில் செய்வித்து, அதன் செலவைத் தமக்குள் பிரித்துக்கொள்வதையே அவ்வாறு அழைக்கிறோம். பெரிய கம்பனிகள் தம் கிளைகளின் கணக்கு வேலையை ஒரே நிலையத்தில் குவிக்கத் தொடங்கிய 1980களில் இந்த ஏற்பாடு முகாமைத்துவப் பாடமாக உருப்பெற்றது. ஆனால் ஒரு கம்பனியின் கிளைகளுக்கும் தனித்தனியான சங்கங்களுக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. கிளைகளுக்கு மேலே ஒரு தலைமையகம் இருந்து கட்டளையிடும். சங்கங்களுக்கு மேலே அப்படி எவரும் இல்லை. அவை தாமாக விரும்பிச் சேர்ந்தாலன்றி, அந்த ஏற்பாடு நிலைக்காது.

இதை வேறு இரண்டுடன் சேர்த்துக் குழப்பிக்கொள்வோர் உண்டு. வெளியே உள்ள ஒரு கணக்குப்பதிவு நிலையத்துக்குக் கட்டணம் செலுத்தி வேலையை ஒப்படைப்பது பகிர்வுச் சேவை ஆகாது. அங்கே சங்கம் ஒரு வாடிக்கையாளர் மட்டுமே, அந்த நிலையத்தின் விலையிலோ தரத்திலோ அதற்கு அதிகாரம் எதுவும் இல்லை. சங்கங்களை ஒன்றாக இணைத்து ஒரே சங்கமாக்குவதும் பகிர்வுச் சேவை ஆகாது. அங்கே பழைய சங்கங்கள் மறைந்துவிடுகின்றன. பகிர்வுச் சேவையில் சேவையைப் பெறுவோரே அதன் உரிமையாளரும் ஆவர். இந்த ஒன்றை மறந்துவிட்டால் மற்றவை எல்லாம் பிசகும்.

வலிகாமத்திலும் வடமராட்சியிலும் தோட்டக் காணி வாங்கியோருக்கு இதன் தத்துவத்தைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கிணறு, அதைச் சுற்றிப் பல பரப்புக் காணிகள், ஒவ்வொரு காணியின் உறுதியிலும் கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருக்கும். யாருக்கு எந்த நாளில் தண்ணீர் இறைக்கும் முறை என்பது பங்காளருக்குள் தீர்மானமாகியிருக்கும். கிணறு பொது, பயிர் அவரவருடையது. ஒருவர் வெங்காயம் வைத்தாலும் மற்றவர் புகையிலை வைத்தாலும் கிணற்றுக்கு அதில் வேலை இல்லை. ஆனால் கிணறு தூர்ந்துபோனால் இறைக்கும் செலவில் எல்லோருக்கும் பங்கு உண்டு. முறை தவறி இறைத்தால் வழக்கும் உண்டு.

நிறுவன வடிவிலும் இது நமக்குப் பழகியதே. ஊர்மட்டக் கூட்டுறவுச் சங்கங்கள் பல சேர்ந்து அமைத்துக்கொண்ட சமாசங்கள், தனிச் சங்கம் ஒன்றால் செய்ய இயலாத கொள்வனவு, விற்பனை, பயிற்சி, திணைக்களங்களுடனான தொடர்பு ஆகியவற்றை அங்கத்துவச் சங்கங்களின் சார்பில் செய்துவருகின்றன. கடற்றொழிலாளர் சமாசங்களும் சிக்கன கடனுதவு சமாசங்களும் இன்றும் நம் கண்முன் இருக்கும் எடுத்துக்காட்டுகள். 1930களில் யாழ்ப்பாணத்துப் புகையிலைச் செய்கையாளர்கள் மலையாளத்துக்கு, அதாவது இன்றைய கேரளத்துக்குப் போகும் புகையிலையைச் சேர்த்து விற்பதற்கெனக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் அமைத்தார்கள். மூளாயில் ஒரு கூட்டுறவு வைத்தியசாலையே எழுந்தது. பகிர்வுச் சேவை என்பது வெளிநாட்டு நிதியுதவியோடு வந்திறங்கிய புதுமை என்று நினைப்போர், யாழ்ப்பாண நகரில் கூட்டுறவாளர் வீரசிங்கத்தின் பெயரைத் தாங்கிய மண்டபத்தைக் கடந்து போகும்போது இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

எந்த வேலையைப் பகிரலாம்?

அடிக்கடி ஒரே விதமாக நடக்கும் வேலை, விதிமுறை தெளிவாக உள்ள வேலை, ஊருக்கு ஊர் மாறாத வேலை ஆகியவையே பகிர்வதற்கு ஏற்றவை. சம்பளப் பட்டியல் இதற்கு மிகச் சிறந்த தொடக்கம். மாதம் 40,000 ரூபா சம்பளம் பெறும் ஒரு முன்பள்ளி ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதிக்காக அவருடைய சம்பளத்திலிருந்து 8 வீதமாகிய 3,200 ரூபா கழிக்கப்பட வேண்டும். நிர்வாகம் தன் பங்காக 12 வீதம், அதாவது 4,800 ரூபா சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நிர்வாகம் மேலும் 3 வீதமாகிய 1,200 ரூபா கட்ட வேண்டும். ஆசிரியர் கையிற் பெறுவது 36,800 ரூபா. நிர்வாகத்துக்கு ஆகும் மொத்தச் செலவு 46,000 ரூபா. சேமலாப நிதிப் பங்களிப்பை அடுத்த மாத இறுதிக்குள் கட்டாவிட்டால், தாமதத்தின் அளவைப் பொறுத்து 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் சேரும். இந்தக் கணக்கில் கடினம் எதுவும் இல்லை. ஆனால் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை, தவறாமல், உரிய திகதிக்குள் செய்வதற்கு ஓர் ஆள் வேண்டும். ஒரு முன்பள்ளிக்காக அந்த ஆளை வைத்திருக்க முடியாது. பத்து முன்பள்ளிகளுக்காக வைத்திருக்கலாம்.

காசேடு, பேரேடு, வங்கி இணக்கக் கூற்று, கணக்காய்வுக்கான கோப்புகளை ஒழுங்குபடுத்தல், கணினிப் பராமரிப்பு, அச்சுக் கொள்வனவு, விண்ணப்பங்களை எழுத உதவுதல் ஆகியவையும் இவ்வகையானவை. ஒடியல் மா, ஊறுகாய், மிளகாய்த்தூள் போன்றவற்றைச் செய்து விற்கும் மாதர் சங்கங்களுக்கு வேறொரு தேவையும் உண்டு. பொதியின்மேல் உள்ளடக்கம், நிகர எடை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம் ஆகியவற்றைப் பிழையில்லாமல் அச்சிடுவதும், பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதிவுசெய்வதும், கொழும்புச் சுப்பர் மார்க்கற் கேட்கும் படிவங்களை நிரப்புவதும் தனியொரு குழுவுக்குச் சுமையானவை. ஒரு முறை கற்றுக்கொண்டவருக்கு அடுத்த குழுவுக்குச் செய்துகொடுப்பது அரைநாள் வேலை.

பகிரக்கூடாதவையும் உண்டு. தீர்மானம் எடுப்பதைப் பகிர முடியாது. யாருக்குக் கடன் கொடுப்பது, எந்த ஊழியரை நியமிப்பது, எந்த நன்கொடையை ஏற்பது என்பவை நிர்வாக சபையின் பொறுப்பு. காசோலையில் ஒப்பமிடும் அதிகாரமும் அங்கேயே இருக்க வேண்டும். வேலை சுலபமாகும் என்று கருதி, தலைவரும் பொருளாளரும் வெற்றுக் காசோலைகளில் ஒப்பமிட்டு அலுவலகத்தில் வைத்துவிட்டுப் போகும் வழக்கம் சில இடங்களில் உண்டு; அதைச் சேவை நிலையத்துக்கும் நீட்டித்தால் அன்றே அந்த நிலையத்தைப் பூட்டிவிடலாம். கணக்காய்வும் இவ்வாறே. கணக்கை எழுதிய கை அதையே ஆய்வுசெய்ய முடியாது. கூட்டுறவுச் சங்கமாக இருந்தால் கணக்காய்வு 1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்படியும் அதன் வழிவந்த மாகாண நடைமுறைகளின்படியும் கூட்டுறவுத் திணைக்களத்தின் மேற்பார்வையில் நடக்க வேண்டியது. சேவை நிலையம் அதற்கான ஏடுகளைத் தயார்செய்து கொடுக்கலாம், அவ்வளவே.

செலவைப் பிரிக்கும் கணக்கு

பெரும்பாலான முயற்சிகள் இங்கேதான் உடைகின்றன என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. ஐந்து அமைப்புகள் சேர்ந்து ஒரு கணக்காளரை நியமிப்பதாக வைத்துக்கொள்வோம். அவருக்குச் சம்பளம் 90,000 ரூபா. நிர்வாகம் கட்டவேண்டிய சேமலாப நிதியும் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் 13,500 ரூபா. இணைய இணைப்பு, மென்பொருள், போக்குவரத்து ஆகியவற்றுக்கு 16,500 ரூபா. மாதச் செலவு 120,000 ரூபா ஆகிறது. சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 24,000. மாதத்தில் ஒரு நாள் வேலை மட்டுமே உள்ள சனசமூக நிலையம் இதற்கு ஒருபோதும் உடன்படாது.

இனி வேலை நாட்களின்படி பிரிப்போம். மாதத்தின் 20 வேலை நாட்களில் முதியோர் இல்லத்துக்கு 7, கடற்றொழிலாளர் சங்கத்துக்கு 6, மாதர் சங்கத்துக்கு 4, முன்பள்ளிக்கு 2, சனசமூக நிலையத்துக்கு 1 என்றால், நாளொன்றுக்கு 6,000 ரூபா வீதம் அவை முறையே 42,000, 36,000, 24,000, 12,000, 6,000 ரூபா கட்ட வேண்டும். இது நியாயமாகத் தோன்றும். ஆனால் முதியோர் இல்லம் ஒரு மாதம் வேலையைக் குறைத்துக்கொண்டால் கணக்காளரின் சம்பளமே தள்ளாடும். எனவே இரண்டையும் கலப்பது நடைமுறைக்கு ஏற்றது. 30,000 ரூபாவை நிலையான சந்தாவாக ஐந்து அமைப்புகளும் 6,000 வீதம் கட்ட, மீதி 90,000 ரூபாவை நாளொன்றுக்கு 4,500 வீதம் பிரித்தால், பங்குகள் 37,500, 33,000, 24,000, 15,000, 10,500 என அமைகின்றன. சிறியவர் சற்றுக் கூடுதலாகக் கட்டுகிறார்; அதற்குப் பதிலாக, தேவைப்படும்போது ஒருவர் இருப்பார் என்ற உறுதி அவருக்குக் கிடைக்கிறது. இந்த ஏற்பாட்டில் சந்தாவைப் பேரம் பேசுவதற்கு ஒதுக்கும் நேரத்தைவிட, நாட்களைப் பதிவுசெய்யும் ஏட்டை எல்லோரும் பார்க்கக்கூடியதாக வைத்திருப்பதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்குவதே பயனுள்ளது என்பது என் எண்ணம். தொகையைவிடச் சந்தேகமே கூட்டைக் கலைக்கிறது.

இதில் மறைந்திருக்கும் சட்டக் கேள்வி ஒன்றையும் சொல்ல வேண்டும்: அந்தக் கணக்காளரின் முதலாளி யார்? ஐந்து சங்கங்களும் ஆளுக்கொரு பங்கைக் கையிற் கொடுத்து, எவரும் நியமனக் கடிதம் கொடுக்காமல் விட்டால், சேமலாப நிதியும் இல்லை, விடுமுறையும் இல்லை, பிணக்கு வந்தால் பொறுப்பேற்க ஆளும் இல்லை. ஆகவே ஏதாவது ஒரு சட்டபூர்வ உருவம் முதலாளியாக இருந்தாக வேண்டும். ஐந்தில் பலமானது பொறுப்பேற்று, ஊழியரைத் தன் பெயரில் நியமித்து, மற்றவற்றுக்குச் சேவை வழங்குவது விரைவான வழி. அதன் ஆபத்து, நாளடைவில் அந்தச் சங்கத்தின் தலைவரே எல்லாருக்கும் தலைவராகிவிடுவது. ஏற்கெனவே உள்ள சமாசத்தில் ஒரு சேவைப் பிரிவைத் திறப்பது இரண்டாவது வழி. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி ஒன்றை (உறுப்பினர் தாம் உறுதியளித்த தொகையளவுக்கே பொறுப்பேற்கும் கம்பனி) எல்லோரும் சேர்ந்து பதிவுசெய்வது மூன்றாவது வழி. அதற்குப் பணிப்பாளர் சபை, வருடாந்தத் திரட்டு, கணக்காய்வு எனப் புதிய சுமைகள் உண்டு என்பதால், தொடக்கத்திலேயே அதற்குப் போவது அவசரம். மேலும், சேவை நிலையம் பெறுமதி சேர் வரிக்குப் பதிவுசெய்யவேண்டிய அளவுக்கு வளர்ந்தால், அதன் கட்டணத்தின்மேல் 18 வீத வரி ஏறும். பதிவற்ற சிறு சங்கங்களால் அந்த வரியைத் திரும்பப் பெற முடியாது.

பயிற்சி

பயிற்சியைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் கசப்பாகவும் பேச வேண்டியிருக்கிறது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துச் சங்கங்களுக்குப் பயிற்சி குறைவாகக் கிடைத்தது என்று யாரும் சொல்ல முடியாது. விடுதி மண்டபம், கோப்பு, பேனை, மதிய உணவு, மாலையில் சான்றிதழ், ஒரு குழுப் புகைப்படம் என்று அவை நடந்தன. திட்டம் முடிந்ததும் பயிற்றுநரும் போய்விட்டார். அடுத்த பொதுக்கூட்டத்தில் பொருளாளர் மாறினார். பயிற்சி பெற்ற இலிகிதர் கனடாவுக்கோ கொழும்புக்கோ போனார். கற்ற எதுவும் சங்கத்தில் தங்கவில்லை.

பகிர்வுச் சேவையோடு இணைந்த பயிற்சி இதிலிருந்து வேறுபடுவதற்குக் காரணம் அதன் பாடத்திட்டம் அல்ல, அதன் இருப்பிடம். பயிற்சி கொடுப்பவரும் கணக்கைப் பார்ப்பவரும் ஒரே நிலையத்தில் இருக்கும்போது, எந்தச் சங்கத்தில் எந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்பது அவருக்குத் தெரியும். பற்றுச்சீட்டு இல்லாமற் செலவு எழுதும் சங்கத்துக்கு அதைப் பற்றியே கற்பிக்கலாம். சில்லறைக் காசுப் பெட்டியும் ஏடும் பொருந்தாத சங்கத்துக்கு அதைக் கற்பிக்கலாம். பங்குபற்றுவோர் தம் சொந்தக் காசேட்டையே கொண்டுவந்து, அதிலேயே கடந்த மாதக் கணக்கை முடித்துவிட்டுப் போவதுதான் சிறந்த வகுப்பு. ஒரு மாதத்தின் பின் பயிற்றுநர் அந்தச் சங்கத்துக்கே போய் ஏட்டைத் திறந்து பார்க்க வேண்டும். பொருளாளர் ஆண்டுதோறும் மாறக்கூடியவர் என்பதால், பொதுக்கூட்டங்கள் முடிந்த கையோடு புதிய நிர்வாகிகளுக்கான வகுப்பை வைத்துவிடுவது பயன் தரும்.

ஆசனக் கணக்கும் இங்கே முக்கியம். ஒரு சங்கத்தில் கணினிக் கணக்குப்பதிவு பழக வேண்டியவர் ஒருவர் அல்லது இருவர். அவர்களுக்கென ஒரு வளவாளரை அழைப்பது கட்டுப்படியாகாது. பன்னிரண்டு சங்கங்கள் சேர்ந்தால் வகுப்பறை நிறையும். நேரமும் அவ்வாறே. மாதர் சங்க உறுப்பினருக்குப் பிள்ளைகள் பாடசாலைக்குப் போன பின்னான முற்பகலும், கடற்றொழிலாளர் சங்க நிர்வாகிகளுக்குத் தொழில் முடித்துக் கரை திரும்பி மீன் விற்ற பின்னான பொழுதும், அரச உத்தியோகம் பார்ப்போருக்குச் சனிக்கிழமையும் பொருந்தும். ஒரே நிகழ்ச்சி நிரலை எல்லோருக்கும் போட்டால் வருவோர் எப்போதும் ஒரே ஆட்களாகவே இருப்பர். தீவகத்தையும் மறக்கக்கூடாது. நெடுந்தீவிலிருந்து ஒருவர் குறிகட்டுவானுக்குப் படகேறி, அங்கிருந்து பேருந்தில் நகருக்கு வந்து, கடைசிப் படகைத் தவறவிடாமல் திரும்புவதென்றால், வகுப்பில் அவர் இருக்கக்கூடிய நேரம் சொற்பம். அங்கே நிலையமே போக வேண்டும்.

எல்லாப் பயிற்சியையும் நிலையமே கொடுக்க வேண்டும் என்பதில்லை. சிறு தொழில்களுக்குத் தொழில்நுட்பம் கற்பிக்கவெனப் பிரதேச செயலகங்களுடன் இணைந்த விதாதா வள நிலையங்கள், கைத்தொழில் அபிவிருத்திச் சபை, தொழிற்பயிற்சி அதிகார சபை, பனை சார்ந்த உற்பத்திக்குப் பனை அபிவிருத்திச் சபை ஆகியவை தத்தம் துறையில் பயிற்சிகளை நடத்துகின்றன. எந்தப் பயிற்சி எங்கே, எப்போது, யாருக்கு என்பதைத் தேடித் தொகுத்து உரிய சங்கத்துக்கு உரிய நேரத்தில் அறிவிப்பதே நிலையத்தின் பெறுமதியான சேவைகளில் ஒன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ, வணிக மாணவர்களையும் உயர் தொழில்நுட்பக் கல்வி பெறும் கணக்கியல் மாணவர்களையும் மேற்பார்வையுடன் பயிலுநராகச் சேர்த்துக்கொண்டால், அவர்களுக்கு உண்மையான ஏடுகளைக் கையாளும் அனுபவம் கிடைக்கும்; நிலையத்துக்கும் வருட முடிவில் கைகொடுக்க ஆள் கிடைக்கும். ஆனால் சம்பளமில்லாத பயிலுநர்களை நம்பியே நிலையத்தை நடத்துவது வேறு விடயம். அதை ஆதரிக்க முடியாது.

தகவலும் உடன்படிக்கையும்

சேவை நிலையத்தின் கணினியில் பணக்கணக்கு மட்டும் இருக்காது. கடன் பெற்றோரின் நிலுவை, முதியோரின் நோய் விபரம், உதவி பெறும் பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் பட்டியல், ஊழியரின் அடையாள அட்டை இலக்கம் ஆகியவையும் வந்து சேரும். ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் உறவு என்பதால், இவை வெளியே கசிந்தால் ஏற்படும் தீங்கு பெரியது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தரவைத் திரட்டி அதன் நோக்கத்தைத் தீர்மானிக்கும் அமைப்பு, வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டோம் என்று கூறித் தன் கடப்பாட்டிலிருந்து விலகிவிட முடியாது என்ற நிலைப்பாட்டையே கொண்டது. ஒரு சங்கத்தின் கோப்பை மற்றச் சங்கம் பார்க்க முடியாதவாறு தனித்தனிக் கடவுச்சொல், வாரந்தோறும் வேறிடத்தில் ஒரு பிரதி, நிலையத்தில் யார் எதைத் திறக்கலாம் என்ற எழுத்து விதி ஆகியன குறைந்தபட்சத் தேவைகள்.

அங்கத்துவ அமைப்புகளுக்கும் நிலையத்துக்கும் இடையே எழுதப்படும் சேவை உடன்படிக்கை இரண்டு மூன்று பக்கங்களைத் தாண்டவேண்டியதில்லை. சங்கம் எந்தத் திகதிக்குள் வவுச்சர்களையும் வங்கிக் கூற்றையும் கொடுக்க வேண்டும், நிலையம் எந்தத் திகதிக்குள் மாதக் கணக்கைத் திருப்பித் தர வேண்டும், பிந்தினால் என்ன, மேலதிகக் கட்டணம் விழுந்தால் அது யாருடைய தவறாகக் கொள்ளப்படும், சந்தா நிலுவை எத்தனை மாதம் வரை பொறுக்கப்படும் என்பவை அதில் இருக்க வேண்டும். நிலையத்தை மேற்பார்வை செய்யும் குழுவில் கட்டும் தொகை எவ்வளவாக இருந்தாலும் ஒவ்வோர் அமைப்புக்கும் ஒரு வாக்கு என்பதையும் எழுதிவிடுவது நல்லது.

விலகுவதற்கான விதியைச் சேரும் நாளிலேயே எழுத வேண்டும். மனம் கசந்த பின் எழுதும் விதி எவருக்கும் நியாயமாகத் தோன்றாது. மூன்று மாத முன்னறிவித்தல், கணக்கு ஏடுகளும் மின்கோப்புகளும் முழுமையாகத் திருப்பித் தரப்பட்டதற்கான கையொப்பம், நிலையத்தில் இருந்த பிரதிகள் அழிக்கப்பட்டதற்கான உறுதி, பொதுச் சந்தாவில் வாங்கிய கணினியிலும் தளபாடத்திலும் விலகுவோருக்குப் பங்கு உண்டா இல்லையா என்ற தீர்மானம் ஆகிய நான்கும் அந்த விதியில் இடம்பெற்றால், மீதியை நிர்வாக சபைகள் தம் சாதாரணக் கூட்டங்களிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.